பழைய பிளாட்பெட் ஸ்கேனருக்கு டிரைவர் அமைப்பது: 64 பிட் விண்டோஸ், லினக்ஸ், மெய்நிகர் கணினி

#1 தூசித்தட்டு
பழைய பிளாட்பெட் ஸ்கேனர் மூன்று இருக்கிறது. மூன்றிலும் விளக்கு எரிகிறது, ஹெட் நகர்கிறது, கணினியோடுதான் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு கணினியில் 64 பிட் விண்டோஸ் 11, இன்னொன்றில் உபுண்டு. விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம். உபுண்டுவில் ஸ்கேனரே இல்லை என்கிறது. மாடல் பெயரைத் தேடினால் 'டிரைவர் டவுன்லோடர்' குப்பைகள்தான் முதல் பக்கம் முழுக்க. எங்கிருந்து தொடங்குவது?

#2 இருபத்தைந்து_ஊசி
முதல்ல மாடல் பெயரை மறந்துடுங்க. டப்பா மேல இருக்கிற பெயரும் உள்ளே இருக்கிற சிப்பும் ஒண்ணுக்கொண்ணு சொந்தமில்லை. யூஎஸ்பி அடையாள எண்ணை எடுங்க.

விண்டோஸ்ல: டிவைஸ் மேனேஜர், மஞ்சள் முக்கோணம் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் டேப், கீழிறங்கும் பட்டியல்ல 'ஹார்ட்வேர் ஐடிஸ்'. விஐடி (தயாரிப்பாளர் எண்), பிஐடி (சாதன எண்) ரெண்டுக்கும் பின்னாடி நாலு நாலு எழுத்து வரும். உபுண்டுல 'எல்எஸ்யூஎஸ்பி' தட்டினா அதே எண் வரும்.

முதல் நாலு தயாரிப்பாளர்: 04ஏ9 கேனான், 04பி8 எப்சன், 03எஃப்0 ஹெச்பி, 055எஃப் மஸ்டெக், 05டிஏ மைக்ரோடெக், 07பி3 பிளஸ்டெக், 06பிடி ஆக்ஃபா, 04ஏ5 ஏசர்/பென்க்யூ.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, கேனோஸ்கேன் லைட் வரிசையையே பாருங்க. லைட் 20, 25, 30 எல்லாம் எல்எம்983எக்ஸ் வகை சிப். லைட் 35, 40, 50, 60 எல்லாம் ஜிஎல்841. லைட் 100, 200 ஜிஎல்847. லைட் 110, 210 ஜிஎல்124. பார்க்க ஒரே குடும்பம், நாலு வேற வேற சிப். லைட் 50-க்கு எழுதின வழிமுறையை லைட் 20-ல போட்டுட்டு மண்டையைப் பிச்சிக்கிறவங்க நிறைய.

எண்ணே வரலைன்னா அது டிரைவர் பிரச்சினை இல்லை. கேபிள், போர்ட், அடாப்டர், இந்த வரிசையில பாருங்க.

(ஒரு குறிப்பு: கட்டளை, கோப்புப் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழ்ல எழுதறோம். தட்டும்போது ஆங்கில எழுத்துல தட்டுங்க.)

#3 தூசித்தட்டு
முதலாவது 04ஏ9:220டி. இரண்டாவது 04பி8:0121. மூன்றாவதில் யூஎஸ்பியே இல்லை, 25 ஊசி உள்ள அகலமான இணைப்பான்.

#4 இருபத்தைந்து_ஊசி
முதலாவது லைட் 20 குடும்பம் (என்670யூ-வும் இதே எண்தான்). ரெண்டாவது எப்சன் பெர்ஃபெக்ஷன் 2480 அல்லது 2580. மூணாவது பேரலல் போர்ட் (பழைய பிரிண்டர் இணைப்பு), அதுக்கு கடைசியா வர்றேன்.

#5 கர்னல்_காவல்
விண்டோஸில் ஏன் முக்கோணம் வருகிறது என்பது தெரிந்தால் பாதி வேலை மிச்சம். ஸ்கேனர் டிரைவர் என்பது ஒரே பொருள் அல்ல. அடியில் கர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) பகுதி. அதன்மேல் டபிள்யூஐஏ (விண்டோஸின் சொந்த ஸ்கேன் முறை) மினிடிரைவர் என்னும் டிஎல்எல் (நிரல் கோப்பு). பக்கத்திலேயே தனியாக ட்வைன் (செயலிகள் ஸ்கேனரோடு பேசும் பொது முறை) டேட்டா சோர்ஸ்.

பெரும்பாலான யூஎஸ்பி ஸ்கேனர்களுக்கு அடிப்பகுதி விண்டோஸோடு வரும் 'யூஎஸ்பிஸ்கேன்' கோப்புதான். அதன் 64 பிட் வடிவம் எல்லா 64 பிட் விண்டோஸிலும் இருக்கிறது. ஆகவே கர்னல் பக்கம் பல சமயம் சிக்கலே கிடையாது. சிக்கல் மேலே இருக்கிறது. டபிள்யூஐஏ மினிடிரைவரை ஏற்றும் சேவை 64 பிட் நிரல், அது 32 பிட் டிஎல்எல்லைத் தொடவே தொடாது. ட்வைன் அப்படியல்ல, அதை ஏற்றுவது நீங்கள் திறக்கும் செயலி. செயலி 32 பிட்டாக இருந்தால் 32 பிட் டேட்டா சோர்ஸ் 64 பிட் விண்டோஸிலும் ஓடும்.

பிறகு ஏன் நிறுவ மறுக்கிறது? டிரைவர் பொதியில் நிறுவல் விவரம் இருக்கும் ஐஎன்எஃப் கோப்பைத் திறந்து பாருங்கள். மாடல் பட்டியல் பகுதியின் தலைப்பில் 'என்டிஏஎம்டி64' என்ற ஒட்டு இல்லையென்றால் 64 பிட் விண்டோஸ் அந்தப் பட்டியலைக் கண்டுகொள்ளாது. ஒட்டைச் சேர்த்துத் திருத்தலாம். ஆனால் ஒரு எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் இருக்கும் கேட்டலாக் கோப்பில் உள்ள ஹேஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) பொருந்தாமல் போய்க் கையொப்பம் செல்லாததாகிவிடும்.

அதைத் தாண்ட: ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட், ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், மறுபடி ரீஸ்டார்ட், வரும் பட்டியலில் 7. இது அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டும். பிட்லாக்கர் (வட்டு மறையாக்கம்) போட்டிருந்தால் மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும், கையில் எடுத்துவைத்துக்கொண்டு தொடங்குங்கள். பொதி நிறுவப்பட்டதும் சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்தாலும் ஸ்கேனர் வேலை செய்யும், ஏனென்றால் கர்னலில் ஏறுவது மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட 'யூஎஸ்பிஸ்கேன்'தான். ஸ்கேனருக்கென்று தனி எஸ்ஒய்எஸ் (கர்னல் டிரைவர்) கோப்பு இருந்தால் கதை வேறு: அது 32 பிட் என்றால் வழியே இல்லை, அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

#6 வருடியார்
கர்னல்_காவல் சொன்னது சரி, எச்சரிக்கை மட்டும் கொஞ்சம் போதவில்லை. இதே வேலைக்கு 'டெஸ்ட்சைனிங்'கை நிரந்தரமாக இயக்கிவிடச் சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. அதற்கு செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போதே கையொப்பத்தைச் சரிபார்க்கும் பாதுகாப்பு) என்பதை அணைக்க வேண்டும், பிறகு எந்தப் பரிசோதனைக் கையொப்பமிட்ட கர்னல் டிரைவரும் உள்ளே நுழையலாம். ஒரு வருடிக்காக (ஸ்கேனருக்காக) வீட்டின் பூட்டையே கழற்றி வைப்பதா? வேண்டாம்.

ஸாடிக் கருவியையும் பலர் பரிந்துரைக்கிறார்கள். அது 'யூஎஸ்பிஸ்கேன்' இடத்தில் வின்யூஎஸ்பி என்னும் பொதுவான யூஎஸ்பி டிரைவரை அமர்த்துகிறது. அமர்த்தியவுடன் ட்வைன், டபிள்யூஐஏ இரண்டும் அந்த வருடியை இழந்துவிடும். வருடியோடு நேரடியாகப் பேசத் தெரிந்த செயலி கையில் இருந்தால் மட்டுமே அதில் பொருள் உண்டு.

#7 கர்னல்_காவல்
ஏற்கிறேன். இன்னொன்று: நிறுவும் முன் பழைய முயற்சிகளின் மிச்சத்தைத் துடையுங்கள். ஸ்கேனரை முதலில் செருகிவிட்டுப் பிறகு டிரைவரைத் தேடுபவர்களுக்கு இது கட்டாயம். டிவைஸ் மேனேஜரில் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' போட்டு, மங்கலாகத் தெரியும் பழைய பதிவுகளை நீக்குங்கள். நீக்கும்போது டிரைவரையும் அழிக்கும் பெட்டியை டிக் செய்ய வேண்டும். பிறகு நிர்வாகி கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'பிஎன்பியூடில் /எனும்-டிரைவர்ஸ்'. அதில் ஸ்கேனர் வகையில் உள்ள ஓஇஎம் எண் கொண்ட ஐஎன்எஃப் எதுவென்று பார்த்து '/டிலீட்-டிரைவர்' கொடுத்து அகற்றுங்கள். அதற்குப் பிறகு டிரைவர் முதலில், கேபிள் கடைசியில்.

#8 தூசித்தட்டு
லைட் 20-க்கு ஐஎன்எஃப் திருத்தி ஏற்றியாயிற்று. டிவைஸ் மேனேஜரில் முக்கோணம் போய்விட்டது. ஆனால் படம் திருத்தும் செயலியின் இம்போர்ட் பட்டியலில் ஸ்கேனர் இல்லை.

#9 கர்னல்_காவல்
செயலி 64 பிட்டா? டாஸ்க் மேனேஜரின் டீடெய்ல்ஸ் பக்கத்தில் 'பிளாட்ஃபார்ம்' நெடுவரிசையைச் சேர்த்துப் பாருங்கள். 32 பிட் டேட்டா சோர்ஸ் இருப்பது விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ட்வைன்_32' என்ற துணைஃபோல்டரில். 64 பிட் செயலி பார்ப்பது 'ட்வைன்_64'-ஐ. கோப்பை அங்கிருந்து இங்கே நகலெடுத்தால் ஆகாது, அது 32 பிட் நிரலாகவேதான் இருக்கும்.

நாப்ஸ்2-ஐப் போடுங்கள். இலவசம், திறந்த மூலம். 32 பிட் ட்வைன் டேட்டா சோர்ஸை ஏற்றுவதற்கென்றே தனி 32 பிட் துணைநிரலை வைத்திருக்கிறது. ப்ரொஃபைலில் டபிள்யூஐஏ-வை விட்டு ட்வைனைத் தேர்ந்தெடுங்கள்.

அப்போதும் வரவில்லையென்றால் சர்வீசஸ் பக்கத்தில் 'விண்டோஸ் இமேஜ் அக்விசிஷன்' ஓடுகிறதா என்று பார்க்கவும். பெயரைப் பார்த்து டபிள்யூஐஏ-வுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். ஸ்கேனர் இருக்கிறதா என்று அதனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ட்வைன் டேட்டா சோர்ஸ்களும் உண்டு.

#10 சேன்பித்தன்
இத்தனை அறுவை சிகிச்சை எதற்கு? உபுண்டு இருக்கிறதே! இரண்டு யூஎஸ்பி ஸ்கேனர்களுக்கும் சேனில் (லினக்ஸின் ஸ்கேனர் மென்பொருள்) பேக்எண்ட், அதாவது அந்த வகைக்கான டிரைவர், இருக்கிறது.

முதலில் இரண்டு கட்டளைகளின் வேறுபாடு. 'சேன்-ஃபைண்ட்-ஸ்கேனர்' யூஎஸ்பி இணைப்பில் ஸ்கேனர் மாதிரி ஏதாவது தொங்குகிறதா என்று மட்டும் பார்க்கும். டிரைவர் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. 'ஸ்கேன்இமேஜ் -எல்' (பெரிய எல்) ஒவ்வொரு பேக்எண்ட்டையும் எழுப்பி 'இது உன்னுடையதா' என்று கேட்கும்.

முதலாவது கண்டுபிடித்து இரண்டாவது கண்டுபிடிக்கவில்லை என்றால் காரணம் மூன்றில் ஒன்று. அனுமதி: 'சூடோ' (நிர்வாகி அனுமதி) போட்டு ஓட்டிப் பாருங்கள். சூடோவில் வந்து, சாதாரணப் பயனருக்கு வராவிட்டால் யூடெவ் (சாதனங்களுக்கு அனுமதி கொடுக்கும் லினக்ஸ் பகுதி) விதி அந்தச் சாதன எண்ணைப் பிடிக்கவில்லை. பயனரை 'ஸ்கேனர்' குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். குழு மாற்றம் புது லாகினில்தான் தெரியும், இதை மறந்துவிட்டு ஒரு மணி நேரம் தேடுவது வழக்கம். அடுத்தது, 'ஈடிசி' கீழே 'சேன்.டி' ஃபோல்டரில் 'டிஎல்எல்.கான்ஃப்'. பேக்எண்ட் பெயருக்கு முன்னால் ஹேஷ் குறி (#) இருந்தால் அது அணைக்கப்பட்டிருக்கிறது. மூன்றாவது ஃபர்ம்வேர், அதாவது ஸ்கேனருக்குள்ளேயே ஓடும் நிரல்.

லைட் 20-க்கு 'பிளஸ்டெக்' பேக்எண்ட். ஸ்கேனர் கேனான், பேக்எண்ட் பெயர் பிளஸ்டெக். குழம்ப வேண்டாம், சிப்தான் பொது. ஃபர்ம்வேர் தேவையில்லை. 'பிளஸ்டெக்.கான்ஃப்' கோப்பில் 'கேஷ்கேல்டேட்டா' விருப்பத்தை 1 ஆக்கினால் அளவுத்திருத்தத் தரவைச் சேமித்துக்கொள்ளும், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னால் காத்திருப்பது குறையும்.

ஸ்க்ரிப்ட் எழுதுபவர்களுக்கு: சாதனப் பெயரில் வரும் 'லிப்யூஎஸ்பி:001:004' போன்ற எண்கள் கேபிளைக் கழற்றி மாட்டினாலே மாறும். '-டி பிளஸ்டெக்' (சின்ன டி) என்று பேக்எண்ட் பெயரை மட்டும் கொடுங்கள், அதன் முதல் ஸ்கேனரை எடுத்துக்கொள்ளும்.

#11 தூசித்தட்டு
லைட் 20 இரண்டு பக்கமும் வந்துவிட்டது. எப்சன் 2480 'சேன்-ஃபைண்ட்-ஸ்கேனர்'-இல் தெரிகிறது, 'ஸ்கேன்இமேஜ்'-இல் இல்லை. சூடோவிலும் இல்லை.

#12 சேன்பித்தன்
ஃபர்ம்வேர். 2480 'ஸ்னாப்ஸ்கேன்' பேக்எண்ட்டின் கீழ் வருகிறது. இந்த வகை ஸ்கேனர்களுக்குள் நிரந்தர நிரல் கிடையாது, மின்சாரம் கொடுத்தவுடன் கணினி ஒரு கோப்பை அனுப்பினால்தான் அது ஸ்கேனராகவே மாறும். கோப்பு உரிமமுள்ளது, அதனால் லினக்ஸ் பொதிகளில் வைப்பதில்லை. உங்கள் ஸ்கேனரோடு வந்த விண்டோஸ் டிரைவர் சிடியிலிருந்து எடுக்க வேண்டும்.

2480, 2580-க்கு 'இஎஸ்எஃப்டபிள்யூ41.பின்'. 3490, 3590-க்கு 52. 1670-க்கு 30. டிரைவர் பொதிக்குள் கேப் கோப்பு இருந்தால் 'கேப்எக்ஸ்ட்ராக்ட்', இன்ஸ்டால்ஷீல்டு கேப் என்றால் 'அன்ஷீல்டு'. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஒன்று திறக்காவிட்டால் மற்றதைப் போடுங்கள். டிரைவர் ஏற்கனவே நிறுவிய விண்டோஸ் கணினி இருந்தால் இஎஸ்எஃப்டபிள்யூ என்று தேடினாலே போதும்.

கோப்பை 'யூஎஸ்ஆர்/ஷேர்/சேன்/ஸ்னாப்ஸ்கேன்' ஃபோல்டரில் வையுங்கள், இல்லையென்றால் உருவாக்குங்கள். 'ஸ்னாப்ஸ்கேன்.கான்ஃப்' கோப்பில் 'ஃபர்ம்வேர்' என்று தொடங்கும் வரியில் முழுப் பாதையையும் எழுதுங்கள். கோப்பின் அனுமதி எல்லோரும் படிக்கும்படி இருக்கட்டும். பெரிய எழுத்து சின்ன எழுத்து அப்படியே பொருந்த வேண்டும். இந்த இழைக்கு வரும் பாதிப் பேரின் சிக்கல் இந்த ஓர் எழுத்துதான்.

ஒரு மாயத்தோற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். ஃபர்ம்வேர் ஸ்கேனரின் நினைவகத்தில் மின்சாரம் இருக்கும்வரை தங்கும். விண்டோஸில் ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டு, ஸ்கேனரை அணைக்காமல் லினக்ஸுக்கு ரீஸ்டார்ட் செய்தால் லினக்ஸில் கோப்பே இல்லாமல் வேலை செய்வதுபோல் தெரியும். மறுநாள் படுத்துவிடும். சோதிக்கும்போது அடாப்டரைப் பிடுங்கி மாட்டிவிட்டுச் சோதியுங்கள்.

மஸ்டெக் பேர்பா வகைக்கு இதே கதை, 'ஜிடி68எக்ஸ்எக்ஸ்' பேக்எண்ட், அதற்கு அதே பெயரில் ஃபோல்டர்.

#13 இருபத்தைந்து_ஊசி
யூஎஸ்பி 3 போர்ட் பத்தி யாரும் பேசலையே. முதல் ஸ்கேன் அழகா வரும், ரெண்டாவது ஸ்கேன்ல 'இன்புட்/அவுட்புட் எரர்', கேபிளைக் கழட்டி மாட்டினா மறுபடி ஒண்ணு வரும். இப்படி இருந்தா டிரைவரைத் திட்டாதீங்க. பழைய சிப்பும் புது யூஎஸ்பி 3 கன்ட்ரோலரும் ஒத்துப்போகாததுதான் பெரும்பாலும் காரணம். லினக்ஸ்ல 'சேன்_யூஎஸ்பி_ஒர்க்அரவுண்ட்' சூழல் மாறியை 1-னு வச்சு ஓட்டிப் பாருங்க. போகலைன்னா நடுவுல ஒரு யூஎஸ்பி 2.0 ஹப். அது தனி அடாப்டர் உள்ள ஹப்பா இருக்கணும். லைட் வகைக்கு மின்சாரமே யூஎஸ்பி கேபிள் வழியாத்தான் போகுது. கணினி போர்ட் 500 மில்லியாம்பியர் தரும், அடாப்டர் இல்லாத ஹப் ஒரு போர்ட்டுக்கு 100 தான் தரணும்னு விதி. ஹெட் பாதியில நின்னு திணறினா இதைத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

#14 எக்ஸ்பி_இன்னும்_இருக்கு
மெய்நிகர் கணினி (கணினிக்குள்ள மென்பொருளா ஓடற இன்னொரு கணினி) வழியைச் சொல்லிடறேன், சேன் பேக்எண்ட்டும் இல்லாத, 64 பிட் டிரைவரும் இல்லாத ஸ்கேனருக்கு இதுதான் கதி.

விர்ச்சுவல்பாக்ஸ்ல 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி, சர்வீஸ் பேக் 3. யூஎஸ்பி கன்ட்ரோலரை 2.0 (இஹெச்சிஐ)-ல வைங்க. 3.0 வச்சா எக்ஸ்பிக்கு அதோட டிரைவர் கிடையாது. விர்ச்சுவல்பாக்ஸ் 7.0-ல இருந்து 2.0, 3.0 ரெண்டும் அடிப்படைப் பொதியிலேயே வருது, அதுக்கு முந்தின பதிப்புன்னா எக்ஸ்டென்ஷன் பேக் வேணும். ஹோஸ்ட் (வெளியே இருக்கிற நிஜக் கணினி) லினக்ஸ்னா பயனரை 'விபாக்ஸ்யூஸர்ஸ்' குழுவில சேர்க்கணும், இல்லேன்னா யூஎஸ்பி பட்டியலே காலியா வரும்.

யூஎஸ்பி ஃபில்டர்ல விஐடி, பிஐடி ரெண்டை மட்டும் விட்டுட்டு மத்த கட்டத்தையெல்லாம் காலி பண்ணுங்க. வெர்ஷன், சீரியல், பெயர் எல்லாம் ஒட்டுமொத்தமா பொருந்தணும்னு அது பிடிவாதம் பிடிக்கும். நெட்ஒர்க் அடாப்டரை அணைச்சிடுங்க. எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தம் நின்னு வருஷக்கணக்காச்சு. படங்களை ஷேர்டு ஃபோல்டர் வழியா வெளியே எடுங்க.

#15 வருடியார்
ஆப்பிள் கணினிக்காரர்களுக்கும் ஒரு வரி: மேக்ஓஎஸ் 10.15-இல், அதாவது 2019-இல், 32 பிட் நிரல்களுக்கான ஆதரவு முற்றிலும் போய்விட்டது. பழைய ட்வைன் டிரைவர்கள் அதோடு போயின. அங்கும் சேன்தான், அல்லது வியூஸ்கேன் போலத் தன் சொந்த டிரைவர்களோடு வரும் செயலி.

#16 சேன்பித்தன்
அல்லது ஸ்கேனரை ஒரு சின்ன லினக்ஸ் பலகையில் மாட்டிவிட்டு வலையமைப்பில் பகிருங்கள், எந்தக் கணினிக்கும் டிரைவர் தேவையே இல்லை. ஏர்சேன் நிறுவினால் பழைய ஸ்கேனர் ஈஎஸ்சிஎல் (டிரைவர் இல்லாமல் வலையமைப்பில் ஸ்கேன் செய்யும்) நெறிமுறை பேசும் நவீன ஸ்கேனராக வெளியே தெரியும், இயல்பாக 8090 போர்ட். மேக்கின் இமேஜ் கேப்சர் அதை நேரே பார்க்கும். நாப்ஸ்2-இன் புதிய பதிப்புகளும் பார்க்கும்.

லினக்ஸிலிருந்து லினக்ஸுக்கு மட்டும் என்றால் சேனின் பகிர்வுச் சேவையான 'சேன்டி' போதும், போர்ட் 6566. பலகையில் 'சேன்டி.கான்ஃப்'-இல் அனுமதிக்கும் ஐபி எல்லை, மறுமுனையில் 'நெட்.கான்ஃப்'-இல் பலகையின் ஐபி. இதில் வழக்கமாக வரும் கோளாறு: உங்கள் பயனருக்கு ஸ்கேனர் தெரியும், வலையமைப்பில் தெரியாது. காரணம் சேவை ஓடுவது 'சேன்டி' என்ற தனிப் பயனராக. அந்தப் பயனரையும் 'ஸ்கேனர்' குழுவில் சேர்க்க வேண்டும்.

#17 தூசித்தட்டு
2480 வந்துவிட்டது. கோப்புப் பெயரில் பெரிய எழுத்துதான் வில்லன். இரண்டு சந்தேகம் மீதி: லைட் 20-இல் பக்கம் நெடுக ஒரே இடத்தில் மெல்லிய செங்குத்துக் கோடு. மற்றது, அந்தப் பேரலல் போர்ட் ஸ்கேனர்.

#18 வருடியார்
கோடு டிரைவரின் பிழையல்ல. கண்ணாடியின் தொடக்க ஓரத்தில், சட்டத்துக்கு அடியில் ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும். வருடி முதலில் அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்ச அளவைத் திருத்திக்கொள்கிறது. அங்கே ஒரு தூசி உட்கார்ந்தால், அந்தப் பிக்சல் இருட்டாக இருப்பதாக எண்ணிப் பக்கம் முழுக்க அதைக் கூடுதலாக வெளுக்கும். கண்ணாடியின் மேற்பகுதியை எத்தனை துடைத்தாலும் போகாது. பட்டைக்கு நேர்கீழே உள்ள கண்ணாடியின் உட்பக்கத்தைத் துடைக்க வேண்டும். துடைத்த பிறகு சேமித்து வைத்த அளவுத்திருத்தத் தரவையும் அழியுங்கள். #10-இல் சொன்ன 'கேஷ்கேல்டேட்டா'வை 1 ஆக்கியிருந்தால் பழைய கோடு அந்தக் கோப்பிலிருந்தே வந்துகொண்டிருக்கும். பயனரின் ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் '.சேன்' ஃபோல்டரைப் பாருங்கள்.

தொடங்கியதும் கரகரவென்று பல் அரைக்கும் சத்தம் வந்தாலும் டிரைவரைத் தொடாதீர்கள். அடிப்பக்கத்திலோ பின்பக்கத்திலோ உள்ள போக்குவரத்துப் பூட்டு திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தெளிவு அளவையும் அளவோடு வையுங்கள். லைட் 20-இன் ஒளியியல் தெளிவு 600-க்கு 1200. ஏ4 வண்ணப் பக்கம் 300 டிபிஐயில் சுமார் 26 எம்பி, 600-இல் 104 எம்பி, 1200-இல் 417 எம்பி. யூஎஸ்பி 1.1 வேகத்தில் நொடிக்கு ஒரு எம்பி போனாலே பெரிது. தரவு தேங்கினால் ஹெட் நின்று, பின்னால் வந்து, மறுபடி தொடங்கும். அந்த இடத்தில் வரிகள் விலகும்.

#19 இருபத்தைந்து_ஊசி
பேரலல் போர்ட்டுக்கு வர்றேன். யூஎஸ்பி-டு-பேரலல் கேபிள் வாங்காதீங்க. அது கணினிக்குப் பிரிண்டர்னு மட்டும்தான் தன்னைக் காட்டும், ஸ்கேனர் டிரைவர் கேட்கிற போர்ட் முகவரி அதுல கிடையாது. மதர்போர்டிலேயே போர்ட் இருக்கணும். பயாஸ்ல இபிபி அல்லது இசிபி (பேரலல் போர்ட்டின் வேகமான முறைகள்), முகவரி 378. இசிபி-ல வரலைன்னா இபிபி-க்கு மாத்துங்க.

லினக்ஸ்ல 'மஸ்டெக்_பிபி', 'யூமேக்ஸ்_பிபி', 'கேனான்_பிபி', 'பிளஸ்டெக்_பிபி'-னு பேக்எண்ட்கள் இருக்கு. 'எல்பி' (பிரிண்டர்) மாட்யூல் போர்ட்டைப் பிடிச்சிட்டிருந்தா அதை இறக்கிட்டு 'பிபிடெவ்' ஏத்துங்க. 'சேன்-ஃபைண்ட்-ஸ்கேனர்'-ஐ சும்மா ஓட்டினா பேரலல் பக்கம் பார்க்காது, '-பி' சேர்க்கணும். அதுவும் சில வகைகளைத்தான் கண்டுபிடிக்கும், அதனால காலியா வந்தா மனசு உடையாம நேரா கான்ஃப் கோப்புல போர்ட்டை எழுதிப் பாருங்க. ஸ்கேனரோட ரெண்டாவது இணைப்பான்ல பிரிண்டர் தொங்கிட்டிருந்தா சோதனை முடியற வரை கழட்டி வைங்க.

#20 தூசித்தட்டு
மதர்போர்டில் அந்தப் போர்ட் இல்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு போட்டால்?

#21 இருபத்தைந்து_ஊசி
கார்டு 378-ல உட்காராது, தனக்குன்னு வேற முகவரி வாங்கிக்கும். முகவரியை மாத்த விடாத பழைய விண்டோஸ் டிரைவருக்கு அது ஆகாது. லினக்ஸ்ல 'பார்போர்ட்_பிசி' கார்டை அடையாளம் கண்டா வாய்ப்பு உண்டு, 'டிமெசேஜ்'-ல 'பார்போர்ட்0'-ன்னு வரி வருதான்னு பாருங்க. வரியில இபிபி-ன்னும் இருக்கணும். இல்லேன்னா ஸ்கேன் நடந்தாலும் ஒரு பக்கத்துக்கு டீ போட்டுக் குடிச்சிட்டு வரலாம்.